புதையலைத் தனியாகச் சுருட்டும் ஆட்டக்காரரோடு எப்படி ஆடுவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையில் உள்ள உங்கள் பூர்வீக வீட்டின் பட்டாலை என்னும் கூடத்தில், ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பேர் கூடி, எட்டு மாதங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறீர்கள்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதையை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) நீங்கள். மற்ற ஐவரில் ஒருவர் உங்கள் பெரியப்பா மகன், உங்களைவிட ஐந்து வயது மூத்தவர், கள்வன் பாத்திரத்தை எடுத்திருக்கிறார். மற்றவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே, செத்து விழுந்த பகைவர்களின் மடியைத் துழாவுகிறார். எந்தப் பெட்டியானாலும் முதலில் திறந்து, உள்ளே இருந்ததைக் குறைத்துச் சொல்கிறார். அடுத்தவர் முறை நடக்கும்போது குறுக்கே பேசி, யாரும் கேட்காமலே பகடையை உருட்டுகிறார். சென்ற வாரம், கதையில் வரும் அரசி உங்கள் தங்கையின் வீராங்கனைக்குப் பரிசளித்த வெள்ளி வாளை, அந்தப் பாத்திரம் உறங்கும் வேளையில் எடுத்துக்கொண்டு, "கள்வன் வேறென்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறார். தங்கை இனி வரமாட்டேன் என்கிறாள். வீடு பங்காளிகளுக்குப் பொது என்பதால் அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லவும் உங்களால் முடியவில்லை. ஆகவே, அந்த வாளுக்குள் ஒரு சாபத்தை வைத்து அவருக்குப் பாடம் புகட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். சாபம் வைக்காதீர்கள். வாள் உங்கள் தங்கையிடம் திரும்பிப் போக வேண்டும், அதுவும் கதைக்கு வெளியே, நீங்கள் எல்லோரும் பேசி எடுத்த முடிவாகப் போக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கு முன் அண்ணனிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டும். புதையலைப் பங்கிடுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்க வேண்டும். காரைக்குடியில் 11 ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை நடத்தி வருகிறேன். இவற்றைச் செய்யாமல் விட்டு நான் பட்ட பாட்டை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருந்தார். பொற்காசுகளுக்குப் பதிலாக நாங்கள் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளைப் பயன்படுத்துவோம். ஒரு கொட்டை 10 பொற்காசு என்பது கணக்கு. அவர் முன்னால் கொட்டைகள் குவிந்திருக்கும், மற்றவர்கள் முன்னால் நாலைந்து கிடக்கும். யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அவருடைய வலது கை அந்தக் குவியலின் மேலேயே இருக்கும். விரல்கள் கொட்டைகளை இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலில், ஒரு கல்லறைக்குள் சபிக்கப்பட்ட மோதிரம் ஒன்றை, அவர் மட்டுமே எடுப்பார் என்று தெரிந்தே வைத்தேன். எதிர்பார்த்தபடியே எடுத்து அணிந்தார். பாத்திரத்தின் வலது கை மரத்துப் போனது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவர், என்மேல் கை வைக்க வழியில்லாததால், அடுத்த இரண்டு வாரங்களில் மற்றவர்களின் பாத்திரங்கள்மேல் கை வைத்தார். ஒருவருடைய மந்திரச் சுவடியை எரித்தார். குழுவின் கழுதையைச் சந்தையில் விற்றுவிட்டார். இதற்கிடையில், எங்களிலேயே மிகவும் பொறுமையாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண், எந்தக் குறையும் சொல்லாமல் வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த இழப்புக்குக் காரணம் அந்த ஆட்டக்காரர் மட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. வாயால் சொல்ல வேண்டியதை மோதிரத்தால் சொல்லப் போனது நான்.

கதைக்குள் கொடுக்கும் தண்டனை, பொருளாசை கொண்ட ஆட்டக்காரருக்குத் தண்டனையாகத் தெரிவதில்லை. டிஎம் தன்னோடு மோதத் தொடங்கிவிட்டார், இனி அவரைவிடச் சூட்சுமமாக நடந்துகொள்ள வேண்டும் என்றே அவர் புரிந்துகொள்கிறார். அவருக்குத் தெரிந்த ஆட்டமே மோதி வெல்லும் ஆட்டம் என்பதால், அது அவருக்கு உற்சாகத்தைக்கூடத் தரும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களோ, டிஎம்முக்குக் கோபம் வந்தால் அவர் நேரில் சொல்லமாட்டார், கதையில் வைத்து அடிப்பார் என்று கற்றுக்கொள்கிறார்கள். பிறகு, நீங்கள் எந்த உள்நோக்கமும் இல்லாமல் ஒரு பெட்டியைக் காட்டினாலும், அதைத் தொட யாருக்கும் கை வராது.

நம் ஊர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பல்லாங்குழியில் 14 குழிகள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அதை எடுத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவரின் குழிகள் காலியாகும்வரை ஆடுவதுதான் ஆட்டம். ஆச்சிமார் பேத்தியிடம்கூட ஒரு பசுவை விட்டுக்கொடுக்கமாட்டார்கள், அதை யாரும் பேராசை என்று சொல்வதும் இல்லை. தாயத்தில் காயை வெட்டுவதும் அப்படித்தான். எடுப்பது அங்கே திறமை. நீங்கள் ஆடுவதில் எதிரே இருப்பவர் என்று ஒருவர் இல்லை; ஐந்து பேரும் ஒரே பக்கத்தில் நின்று ஒரே கதையை நகர்த்துகிறார்கள், கடைசியில் வென்றவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும் கிடையாது. உங்கள் அண்ணன் மற்ற நால்வரோடு அதே தரையில் உட்கார்ந்துகொண்டு பல்லாங்குழி ஆடுகிறார். இதை அவருக்கு யாரும் இதுவரை எடுத்துச் சொல்லவில்லை என்பதே என் ஊகம்.

அவர் பக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு எளிதாகும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974 இல் வெளியான முதல் வடிவத்திலிருந்தே, இந்த ஆட்டத்தில் புதையல் முக்கியமான இடத்தைப் பிடித்திருந்தது. பழைய பதிப்புகளில், பாதாளத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்த ஒரு பொற்காசுக்கு, பாத்திரம் உயர்வதற்குத் தேவையான அனுபவப் புள்ளி ஒன்று கிடைக்கும். பூதங்களைக் கொன்று சேர்க்கும் புள்ளிகள் பெரும்பாலும் புதையலால் கிடைப்பவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளும் விதியாக மாறியது. இப்போது பரவலாக ஆடப்படும், 2014 இல் வெளியாகி 2024 இல் திருத்தப்பட்ட ஐந்தாம் பதிப்பில், காசு சேர்ப்பதால் பாத்திரம் உயர்வதில்லை. ஆனாலும் புதையலின் மினுமினுப்பு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு அறையின் முடிவிலும் ஒரு பெட்டி இருக்கிறது. எட்டு மாதங்களாக நீங்கள் அவருக்குக் கூலியாகக் கொடுத்து வந்தது எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காசும் வாளும் மோதிரமும் மட்டுமே அதில் இருந்தால், அவர் அவற்றின் பின்னால் ஓடுவதில் வியப்பில்லை.

கணினி விளையாட்டுகளில் பழகியவர்களுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் பைக்குள் போட்டுக்கொள்வது கைப்பழக்கம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. இன்னும் சிலர் இதற்கு முன் ஒரு கடுமையான டிஎம்மிடம் ஆடி, வாரா வாரம் உடைமைகளை இழந்து பழகியவர்கள். அவர்கள் பதுக்குவது பயத்தினால். எல்லாவற்றையும்விட நான் அதிகம் பார்த்த காரணம் சலிப்பு. மூன்று மணி நேரம் ஆடுகிறீர்கள் என்றால் 180 நிமிடங்கள். அதில் பாதி உங்கள் வருணனையிலும் விதி விளக்கத்திலும் போய்விடும். மீதி 90 நிமிடங்களை ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கு 18 நிமிடங்கள்தான் கிடைக்கும். மற்ற ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு அவர் பார்வையாளர். அடுத்தவர் கதையைக் கேட்டு ரசிக்கத் தெரியாதவருக்கு அது பேருந்து நிலையத்தில் காத்திருப்பதைப் போன்றது; ஆகவே அவர் பிணத்தின் மடியைத் துழாவுகிறார், பகடையை உருட்டுகிறார், வாளை எடுக்கிறார். அடுத்தவர் வருந்துவதைப் பார்ப்பதில்தான் தனக்கு மகிழ்ச்சி என்று வருபவர்களும் உண்டு. அவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு இங்கே எழுதும் எதுவும் பயன்படாது.

அண்ணனிடம் பேசும் முன் தங்கையிடம் பேசுங்கள். இப்படிப்பட்ட சிக்கல்களில் அறிவுரை சொல்பவர்கள் எல்லோரும் தொல்லை கொடுப்பவரைச் சுற்றியே யோசிக்கிறார்கள்; பறிகொடுத்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மோதிரக் கதையில் நான் செய்த பெரிய தவறு அதுதான். அந்தப் பெண்ணிடம் ஒருமுறையாவது "உங்களுக்கு இது எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டிருந்தால், அவர் போயிருக்கமாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் தங்கைக்கு வாள் திரும்ப வேண்டுமா, அண்ணன் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் போதுமா, அல்லது தன் பாத்திரம் உறங்கும்போது யாரும் தொடமாட்டார்கள் என்ற உறுதி வேண்டுமா என்பதை அவள் வாயாலேயே கேளுங்கள். வீட்டில் இளையவள் என்பதால், "அண்ணன்தானே, விட்டுவிடு" என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லியிருப்பார்கள். நீங்களும் அதையே சொல்லிவிடாதீர்கள்.

அண்ணனிடம் பேசுவதற்கு இடமும் வேளையும் முக்கியம். பட்டாலையில், மற்றவர்கள் எதிரில் பேசினால் அது விசாரணையாகிவிடும். பெரியம்மா காதில் விழும்படி பேசினால் குடும்ப விவகாரமாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் அவர் பதில் எழுதுவதற்குள் நான்கு பேர் கட்சி பிரிந்திருப்பார்கள். காலையில் ஊருணிப் பக்கம் நடந்து போகும்போதோ, காரைக்குடிக்கு ஒரு வேலையாக இருவரும் பைக்கில் போகும்போதோ பேசுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடி பேசும்போது, மூத்தவருக்கு இளையவர் சொல்வதில் இருக்கும் உறுத்தல் குறையும். அவர் குணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், நடந்ததையும் வேண்டுவதையும் மட்டும் சொல்லுங்கள். ஏறத்தாழ இப்படி:

"அண்ணே, ஒரு விஷயத்தை உங்ககிட்ட நேராவே சொல்லிடுறேன். போன வாரம் அந்த வாளை எடுத்ததுக்கு அப்புறம் தங்கச்சி இனிமே வரலைங்கறா. எனக்கும் ஆட்டம் நடத்துறதுல மனசு ஒட்டலை. நீங்க இல்லாம ஆடணும்னு எனக்கு ஆசை இல்லை, அதனாலதான் உங்ககிட்டயே பேசுறேன். கூட இருக்கவங்க பொருளை எடுக்கறதும், அவங்க முறையில குறுக்கே பேசுறதும் வேண்டாம். இந்த ஆட்டத்துல உங்களுக்கு எது பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க, அதை நான் கதைக்குள்ள கொண்டு வர்றேன்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் பேசும்வரை காத்திருங்கள். கடைசியில் கேட்ட கேள்விக்கு அவர் சொல்லும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய பொருள். பெரும்பாலும் முதல் பதிலாக ஒரு சமாதானம் வரும், உண்மையான பதில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு வரும்.

"என் பாத்திரம் அப்படித்தான்" என்ற வாதம் கட்டாயம் வரும். அதை மதித்தே பதில் சொல்லலாம். 1974 இல் வந்த முதல் விளையாட்டுப் பெட்டியின் விதிநூல்களில் கள்வன் என்ற வகையே இல்லை. 1975 இல் வந்த முதல் இணைப்பு நூலில்தான் சேர்க்கப்பட்டான். பூட்டைத் திறப்பது, பொறியைச் செயலிழக்கச் செய்வது, சுவரேறுவது, ஓசையின்றி முன்னே போய் வேவு பார்ப்பது என்று அவனுக்குக் கொடுத்த வித்தைகளில் பெரும்பாலானவை குழு முழுவதற்கும் வழி திறப்பவை. பை அறுக்கும் வித்தையும் அவற்றில் உண்டு. ஆனால் யாருடைய பையை என்பதைத் தேர்ந்தெடுப்பவர் ஆட்டக்காரர்தான், பாத்திரம் அல்ல. ஆகவே அண்ணனிடம் இப்படிக் கேளுங்கள்: உயிரைப் பணயம் வைத்து நால்வர் இந்தக் கள்வனோடு சேர்ந்து ஏன் பயணம் செய்கிறார்கள்? உறங்கும்போது வாளைத் திருடுபவன் என்று தெரிந்த பிறகும் அவர்கள் ஏன் அவனுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும்? அவருடைய கள்வன் யாரிடமும் திருடுவான், இந்த நால்வரிடம் மட்டும் திருடமாட்டான், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதே அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கதையாகிவிடும்.

இனி குழுவாக ஒப்புக்கொள்ள வேண்டிய விதிகள். முதலாவது, தோழருக்கு எதிராக ஒருவர் ஏதாவது செய்தால், திருடுவதோ தாக்குவதோ ஏமாற்றுவதோ எதுவானாலும், அது நடந்ததா இல்லையா என்பதைப் பாதிக்கப்படும் ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். "நான் உன் வாளை எடுக்கிறேன்" என்று அண்ணன் சொன்னால், நீங்கள் பகடையை உருட்டச் சொல்லாமல் தங்கையைப் பார்த்துக் கேளுங்கள். எடுக்கட்டும், கதைக்கு நன்றாக இருக்கும் என்று அவள் சொன்னால் எடுக்கலாம். இல்லை, என் பாத்திரம் விழித்துக்கொண்டது என்று சொன்னால் அதோடு முடிந்தது, பகடைக்கு வேலை இல்லை. எங்கள் குழுவில் இந்த ஒரு விதியை வைத்த பிறகு, ஒரு முழு ஆண்டில் இரண்டு முறைதான் அப்படிக் கேட்கும் நிலை வந்தது, இரண்டு முறையும் பாதிக்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

இரண்டாவது பங்கு. ஆட்டக்காரர்கள் ஐவர் என்றால் காசை ஆறு பங்காகப் போடுங்கள். 1,200 பொற்காசு கிடைத்தால் ஆளுக்கு 200. மீதி 200 பொது. எங்கள் குழுவில் அந்த ஆறாவது பங்குக்கு மகமை என்று பெயர் வைத்திருக்கிறோம், கடை வரவில் கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒரு பகுதியை ஒதுக்கும் ஊர்களில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மகமைக்கு உண்மையான தேவையும் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் ஒரு குணமாக்கும் மருந்துக் குப்பியின் விலை 50 பொற்காசு. இறந்து ஒரு நிமிடத்துக்குள் ஒருவரை உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், மந்திரம் பலித்ததும் வைரம் கரைந்துவிடும். மகமை இல்லாத குழுவில், அந்த வைரத்தை யார் காசில் வாங்குவது என்ற பேச்சு பிணத்தின் எதிரிலேயே நடக்கும். மந்திரப் பொருள்களுக்குப் பங்கு கணக்கு ஒத்துவராது. யாருக்கு அதிகம் பயன்படுமோ அவருக்கு என்று பேசி முடிப்பதே நல்லது. சக்தி வாய்ந்த பொருள்களில் மூன்றை மட்டுமே ஒரு பாத்திரம் ஒரே நேரத்தில் தன்னோடு இணைத்துக்கொள்ள முடியும் என்று விதியே இருப்பதால், நான்காவதைப் பதுக்கி வைப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதை எடுத்துச் சொல்லலாம்.

பங்கு இருந்தால் கணக்கு வேண்டும். இந்த ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்க் கடை நடத்திய நகரத்தார், கூட்டாளி சொந்தப் பங்காளியாகவே இருந்தாலும், அன்றாட வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டுப் பார்த்தவர்கள். ஒருவரையொருவர் நம்பாததால் அப்படிச் செய்யவில்லை. நம்பிக்கை கடைசிவரை கெடாமல் இருப்பதற்காகவே எழுதி வைத்தார்கள். நாங்களும் ஒரு நீளமான நோட்டை வைத்து, பெட்டியில் என்ன இருந்தது என்பதை நானே உரக்கச் சொல்லி, உடனே எழுத வைக்கிறேன். இனி நீங்கள் பெட்டிக்குள் இருப்பதை அண்ணன் காதில் மட்டும் சொல்லாதீர்கள். அவர் குறைத்துச் சொல்வதற்கான வாய்ப்பே அப்போது இருக்காது. நோட்டை யார் வைத்துக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொருளாசை உள்ளவரையே கணக்குப்பிள்ளையாக்கினால் பொறுப்பு வந்துவிடும் என்று அனுபவமுள்ள பலர் சொல்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். எண்ணுவதில் இன்பம் காண்பவருக்கு அது பலிக்கிறது. வைத்துக்கொள்வதில் இன்பம் காண்பவருக்குப் பலிப்பதில்லை. உங்கள் அண்ணன் பெட்டியில் இருந்ததைக் குறைத்துச் சொன்னவர் என்பதால், முதல் சில மாதங்களுக்கு நோட்டு வேறொருவரிடம் இருக்கட்டும்.

சண்டை நடக்கும்போது மடியைத் துழாவுவதற்குப் புதிதாக எந்த விதியும் தேவையில்லை. கதையில் சண்டையின் ஒரு சுற்று ஆறு விநாடிதான். கையில் கிடைக்கும் ஒரு பொருளை எடுப்பதற்குமேல் ஏதாவது செய்தால் அந்தச் சுற்றின் செயல் செலவாகிவிடும். கீழே விழுந்த தோழர் பகடையில் மூன்று முறை தவறினால் இறந்துவிடுவார். "அண்ணே, நீங்க இப்ப தேடினா இந்தச் சுற்று போயிடும், மந்திரவாதி கீழே கிடக்கிறார், பரவாயில்லையா?" என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே கேட்டுவிட்டு, அவர் முடிவின்படி நடத்துங்கள். சுமக்கும் காசின் எடைக்கும் இதே முறைதான். விதிப் புத்தகக் கணக்கில் 50 காசு ஒரு பவுண்டு எடை, அதாவது ஒரு காசு ஏறக்குறைய 9 கிராம், நம் 8 கிராம் பவுனைவிடச் சற்றுக் கனம். வலிமை எண் 8 உள்ள பாத்திரம் சுமக்கக்கூடியது 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. 3,000 காசைத் தூக்கிக்கொண்டால் அதில் பாதி தீர்ந்துவிடும். இந்தக் கணக்கை இன்றே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடைப்பிடித்தால் அது விதி. அவர் சுவரேறும் நேரத்தில் திடீரென்று எடுத்துக் காட்டினால் அதுவும் என் மோதிரத்தைப் போன்றதுதான்.

குறுக்கே பேசுவதற்கு நான் கண்ட ஒரே மருந்து, முறையைத் தெளிவாக அறிவிப்பது. "இப்போது தங்கை, அடுத்து அண்ணன்" என்று இரண்டு பெயராகச் சொல்லுங்கள். தன் முறை வருகிறது என்று தெரிந்தவர் அடுத்தவர் முறையைப் பறிக்க அவசரப்படுவதில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் உருட்டிய பகடை செல்லாது, அதில் மிக உயர்ந்த எண்ணான 20 விழுந்திருந்தாலும் செல்லாது. இதில் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் எல்லா முறையும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

அடுத்து அவருக்கு வேறு கூலி கொடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மோதிரக்காரருக்குப் பிறகு, கல்லூரி மாணவர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அவரும் சேர்த்து வைப்பவர்தான். இந்த முறை அவரிடம் தனியாகப் பேசி, இவ்வளவு காசையும் உங்கள் பாத்திரம் என்ன செய்யப் போகிறது என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. சில வாரங்கள் கழித்து, கதையில் ஒரு வறண்ட ஊர் வந்தது. ஊருணி தூர்ந்துபோய், பெண்கள் இரண்டு காத தூரம் நடந்து தண்ணீர் கொண்டு வருகிறார்கள். தூர் எடுத்துப் படித்துறை கட்ட 400 பொற்காசு ஆகும் என்று ஊர்ப் பெரியவர் சொல்கிறார். நான் யாரையும் கேட்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கொட்டை உரசும் சத்தம் கேட்டது. அந்த மாணவர் தன் குவியலிலிருந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக, வாய்க்குள் எண்ணியபடியே, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். 40 கொட்டைகள் முடிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். அந்த ஊருணிக்கு அவர் பாத்திரத்தின் பெயரையே ஊரார் வைத்தார்கள். அதன் பிறகு கதை எங்கெங்கோ போனது. ஆனால் மழை பெய்ததா, ஊருணியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அவர் வாரந்தோறும் கேட்பார், நானும் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். அண்ணனுடைய கள்வனுக்கும் திருடிப் பையில் போட முடியாத எதையாவது கொடுத்துப் பாருங்கள்: தீர்க்க வேண்டிய ஒரு பழைய கடன், அவனை நம்பி வரும் ஒரு சிறுவன், இடிந்து கிடக்கும் ஒரு தாய்வீடு.

இது எல்லோரிடமும் பலிப்பதில்லை. மோதிரக்காரரோடு பிறகு நான் இரண்டு முறை நேராகப் பேசினேன். இரண்டு முறையும் ஒப்புக்கொண்டார், மூன்றாவது வாரமே பழையபடி ஆனார். கடைசியில் இந்த ஆட்டத்தை உங்களோடு தொடர முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருக்கும் வருத்தம். உங்கள் அண்ணனுக்குப் பேசிய பிறகு நான்கு ஞாயிறு அவகாசம் கொடுங்கள். இடையில் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். மாறவில்லையென்றால், மற்ற நால்வரையும் தனித்தனியே கேட்டுக்கொண்டு, நீங்களே நேரில் சொல்லுங்கள். அவர் எதிரில் கை தூக்கி வாக்கெடுக்காதீர்கள். அவருடைய பாத்திரத்தைக் கொல்லாதீர்கள். தன் பங்கை நோட்டில் உள்ளபடி கடைசிக் காசு வரை வாங்கிக்கொண்டு கப்பலேறிப் போகட்டும், பிற்காலத்தில் திரும்பி வர வழி இருக்கட்டும்.

வீடு பொது என்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தடையில்லை. ஒரே வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றி அடுத்தடுத்த அறைகளில், புள்ளி என்று எண்ணப்படும் தனித்தனிக் குடும்பங்களாக, தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு வாழ்ந்து, முன்னோருக்குப் படையலிடும் படைப்பன்று ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட குடும்பங்கள் நம்முடையவை. சிலவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டதால்தான் மற்றவற்றில் ஒன்றாக இருக்க முடிந்தது. ஞாயிறு மூன்று மணி நேரத்தை மட்டும் பிரித்து வைக்கிறீர்கள், அவ்வளவே. வெல்வதும் சேர்ப்பதும்தான் அவருக்குப் பிடிக்கும் என்றால், சனிக்கிழமை இரவு அவரோடு உட்கார்ந்து கேரமோ சீட்டோ தாயமோ ஆடுங்கள், மனமார ஆடுங்கள். பெரியம்மா ஏன் அவன் வருவதில்லை என்று கேட்டால், அவருக்கு அந்தக் கதை விளையாட்டு ஒத்துவரவில்லை, சனிக்கிழமை நாங்கள் வேறு ஆடுகிறோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

வாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அண்ணனிடம் பேசும்போதே, அதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் சம்மதம் வாங்கிவிடுங்கள். வரும் ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்ததும், பகடைகளை எடுப்பதற்கு முன், சென்ற வாரக் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம் என்று நீங்கள் சொல்லுங்கள். யார் தவறு, ஏன் என்று எதுவும் பேச வேண்டாம். அண்ணன் தன் பாத்திரத்தின் உடைமைகளை எழுதி வைக்கும் தாளில் அந்த வரியை ரப்பரால் அழிக்கட்டும், தங்கை தன் தாளில் பென்சிலால் எழுதட்டும். பங்கு விதியையும் தோழர் பொருள் விதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஆறு பேரும் படித்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு, அரசியின் பாசறையில் பொழுது விடிகிறது என்று கதையைத் தொடங்குங்கள். முதல் முறை தங்கையுடையதாக இருக்கட்டும்.